நான் சொல்லிவந்த சாட்சி

விளக்கு வைத்தபின் எங்கள் வீட்டில் இரண்டு ஜெபங்கள் நடக்கின்றன. ஒன்று கூடத்தில், என்னுடையது. இன்னொன்று அடுப்படியில், என் மனைவியுடையது. நடுவே ஒரு சுவரும் கதவில்லாத ஒரு வாசலும் இருக்கின்றன. நான் வேதம் வாசிப்பது அவளுக்குக் கேட்கும். அவள் ஜெபிப்பது எனக்குக் கேட்காது. சத்தமில்லாமல் ஜெபிப்பது அவள் வழக்கம்.

ஐம்பது வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபித்தவர்கள் நாங்கள். நான் அதிகாரத்தை வாசிப்பேன். அவள் பாட்டை எடுத்துக்கொடுப்பாள். நான் ஜெபிப்பேன். முடிவில் அவள் ஆமென் சொல்வாள். இப்போது என் ஜெபத்துக்கு நானே ஆமென் சொல்லிக்கொள்கிறேன். அது எவ்வளவு வெறுமையாக ஒலிக்கிறது என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில் இன்னொருவர் இல்லாவிட்டால், ஜெபம் எங்கே முடிகிறது என்றே தெரிவதில்லை.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“யாரு படிப்பா?”

“யாராவது படிப்பாங்க.”

“எம் பேரு வரக்கூடாது. உங்க பேரும் வேணாம். நீங்க செஞ்சத எழுதுங்க. நான் என்ன நெனச்சேன்னு எழுதாதீங்க. அது உங்களுக்குத் தெரியாது.”

அந்த வரம்புக்குள் நின்று எழுதுகிறேன்.

கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. உயர்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்துத் தலைமையாசிரியராக ஓய்வுபெற்றேன். கொஞ்சம் நிலம் உண்டு. சபையில் முதலில் செயலராகவும் பிறகு மூப்பராகவும் என் ஆயுளின் பெரும்பகுதி போயிற்று. ஊரில் என்னை ‘சார்’ என்பார்கள். கோயிலில் ‘ஐயா’ என்பார்கள். நாங்கள் மாதாகோயில்காரர்கள் அல்ல என்றாலும், எங்கள் ஆலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம்.

எங்கள் சபைகளில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஆராதனையிலோ வீட்டு ஜெபக்கூட்டத்திலோ ஒருவர் எழுந்து, கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததைச் சொல்வார். பரீட்சையில் மகன் தேறியது, கட்டி கரைந்தது, குடியை விட்டது என்று எதுவாகவும் இருக்கலாம். கேட்பவர்கள் ஆமென் என்பார்கள். சில சாட்சிகளுக்குப் பெயர் உண்டாகிவிடும். பிடித்த பாட்டைத் திரும்பப் பாடச் சொல்வதுபோல அவற்றைத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். என் சாட்சி அப்படிப்பட்டது. அறுப்பின் பண்டிகைதோறும் அதைச் சொல்லிவந்தேன்.

அது இப்படிப் போகும். எங்களுக்கு முதலில் பிறந்தது பெண் குழந்தை. இரண்டு வயது நிறையுமுன் மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டது. என் மனைவி விசுவாசத்தை இழந்தாள். வேதப்புத்தகத்தை எடுத்து நெல் பத்தாயத்துக்குள் போட்டு மூடினாள். கோயில் வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஒரு வருஷத்துக்குமேல் வீட்டிலேயே கிடந்தாள். நான் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமிருந்து முழங்காலில் நின்றேன். கடைசியில் ஓர் அறுப்பின் பண்டிகையன்று, யாரும் அழைக்காமலே, புது நெல்லை இடுப்பில் சுமந்துகொண்டு அவளாகவே கோயிலுக்குள் வந்து உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் நான் குரலைத் தாழ்த்துவேன். பெண்கள் பக்கத்தில் சிலர் கண்ணைத் துடைப்பார்கள். அந்தப் பெண்களுக்கு நடுவேதான் அவளும் உட்கார்ந்திருப்பாள்.

குழந்தை இறந்தது உண்மை. அவள் புது நெல்லோடு வந்ததும் உண்மை. நான் உபவாசம் இருந்ததுகூட ஓரளவு உண்மைதான். மற்றதை இப்போது சொல்கிறேன்.

குழந்தையைச் சனிக்கிழமை அடக்கம்செய்தோம். மறுநாள் ஆராதனைக்குப் போனோம். அன்று வெளியூரிலிருந்து ஒரு பெரிய போதகர் வந்திருந்தார். நான் அப்போதுதான் சபைச் செயலராகியிருந்தேன். முதல் பாட்டு முடிந்து அமைதியான நேரத்தில், பெண்கள் பக்கத்தில் ஒரு குரல் எழுந்தது. என் மனைவிதான். காலை நீட்டிப்போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, ஒப்பாரி வைத்தாள். அவள் பிறந்த வீடு கோடியக்கரைப் பக்கம், உப்பளத்தில் வேலை செய்த குடும்பம். அவள் அம்மா ஒப்பாரிக்குப் பேர்போனவர். பக்கத்து ஊர்ச் சாவுகளுக்கெல்லாம் அழைத்துப் போவார்களாம். அந்த அம்மா ஞானஸ்நானம் எடுத்தபின்னும் அதை விடவில்லை.

எங்கள் வீடு வேறு மாதிரி. தாத்தா பண்ணையில் ஆளாக இருந்தவர். மிஷன் பள்ளிக்கூடம் என் அப்பாவை வாத்தியாராக்கியது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சாவுகளில் பறை கிடையாது, ஒப்பாரி கிடையாது, கீர்த்தனை மட்டும்தான். நம்பிக்கை உள்ளவர்கள் அப்படி அழமாட்டார்கள் என்று சபையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாங்கள் அதை இன்னொரு விதமாகவும் புரிந்துவைத்திருந்தோம். சேற்றிலிருந்து கரையேறியவர்கள் நாங்கள் என்பதற்கு அந்த அமைதியே அத்தாட்சி. எங்கள் சாவு வீட்டைக் கடந்து போகிற மேலத்தெருக்காரர்கள், ‘படிச்ச ஜனங்க’ என்று சொல்வார்கள் என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை.

இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து வெளியே அழைத்துப்போனார்கள். பெரிய போதகர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்: “கொஞ்ச நாளைக்கு நீ கோயிலுக்கு வரவேணாம். மனசு தேறட்டும்.”

“நான் அழுததுக்கா?”

“அழறது வேற. இது வேற.”

கொஞ்ச நாள் என்றுதான் சொன்னேன். அந்தக் கொஞ்ச நாள் முடிந்துவிட்டது, வா என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவளாகக் கேட்பாள் என்று காத்திருந்தேன். நானாக அழைப்பேன் என்று அவள் காத்திருந்தாளோ என்னவோ. அதை எழுதக்கூடாது.

கோயிலில் விசாரித்தார்கள். உடம்பு சரியில்லை என்றேன். மாதங்கள் போயின. பிறகும் விசாரித்தார்கள். ஒரு ஜெபக்கூட்டத்தில், “வீட்டில் விசுவாசம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கு, ஜெபத்தில நெனச்சுக்குங்க” என்றேன். பொய் முதலில் ஒரு ஜெப விண்ணப்பமாகத்தான் வாயிலிருந்து வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அது வசதி. வெளியே சொல்லக் கூசுவதையும், சொன்னால் புறணி ஆகிவிடக்கூடியதையும், ஜெபிக்கச் சொல்லி எல்லார் காதிலும் போட்டுவிடலாம். எல்லாரும் அவளுக்காக ஜெபித்தார்கள். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பத்தாயத்து விஷயமும் அப்படியே. அந்த ஐப்பசியில் ஓட்டுக்கூரை ஒழுகியது. அலமாரிக்கு நேர்மேலே ஒழுக்கு. வேதப்புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பத்தாயத்துக்குள் வைத்தாள். எங்கள் வீட்டில் நனையாத ஒரே இடம் அதுதான். ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டபோது ஒழுகுகிறது என்று சொன்னாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல்முறை சாட்சி சொன்னபோது ஒழுக்கையும் சேர்த்தேதான் சொன்னேன். ஆனால் ‘பத்தாயத்துக்குள்’ என்ற வார்த்தை வந்ததும் முன்வரிசையில் ஒருவர் ‘ஐயோ ஆண்டவரே’ என்றார். அடுத்த வருஷம் ஒழுக்கை விட்டுவிட்டேன். அதற்கடுத்த வருஷம் ‘மூடினாள்’ என்பதைச் சேர்த்தேன். எந்த இடத்தில் ஜனங்கள் மூச்சைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அந்தச் சாட்சியை வளர்த்தேன். வகுப்பில் பானிப்பட்டுப் போரைச் சொன்னதும் இப்படித்தான். ஆனால் பானிப்பட்டில் செத்தவர்கள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லை.

சாட்சியால் எனக்குப் பெயர் வந்தது. ஜெபவீரர் என்றார்கள். புருஷன் பெண்சாதிச் சண்டை என்றால் என்னிடம் அனுப்பினார்கள். கூடத்தில் உட்காரவைத்துப் பொறுமையைப் பற்றிப் பேசுவேன். அவள் காப்பி கொண்டுவந்து வைப்பாள். ஒருமுறை புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, நீங்க திரும்பி வந்ததை ஐயா சொல்லறப்ப எனக்கு ஒடம்பே சிலுத்துப்போவுது. நீங்க எவ்வளவு குடுத்துவச்சவங்க!” என்றாள். என் மனைவி, “சர்க்கர போதுமா பாரும்மா” என்றாள்.

போன மாசியில் எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் நிறைந்தது. அறுப்பின் பண்டிகை ஞாயிற்றிலேயே இருவரையும் பீடத்துக்கு முன் நிறுத்தி ஆசீர்வதிக்கலாம் என்று போதகர் சொன்னார். எங்கள் மகனைவிட வயதில் சிறியவர், நல்ல பையன். சென்னையிலிருந்து மகன் குடும்பம் வந்தது. திருச்சியிலிருந்து மகள் வந்தாள். முதல்நாள் மாலை என் மனைவி என் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்:

“நாளைக்கு மைக் குடுத்தா என்ன சொல்லுவீங்க?”

“ரெண்டு வார்த்த ஸ்தோத்திரம் சொல்லிட்டு எறங்கிடுவேன்.”

“அந்தக் கதை வேணாங்க.”

“எந்தக் கதை?”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சரி. சொல்லல” என்றேன்.

இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் கோயில் முழுக்க வாழைமரமும் நெற்கதிரும் பூசணிக்காயும் கால் கட்டிய கோழிகளுமாக இருந்தது. ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும். எங்களை முன்னால் கூப்பிட்டார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். ஸ்தோத்திரம் சொன்னேன், பிள்ளைகளுக்கு நன்றி சொன்னேன், போதகருக்கு நன்றி சொன்னேன். முடித்திருக்கலாம். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், “ஐயா, அந்தச் சாட்சியச் சொல்லுங்கய்யா, சின்னப் புள்ளைங்கல்லாம் கேக்கட்டும்!” என்றார்.

அவர்மேல் பழி போடமாட்டேன். அவர் கேட்பதற்கு முன்பே என் நாக்கு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ‘இதே பண்டிகையில், இதே வாசல் வழியாக’ என்று ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல, இன்றைக்குச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் நன்றாக வருகிறது என்று எனக்கே தோன்றியது. ஐம்பது வருஷம், பக்கத்தில் அவள், பேரப்பிள்ளைகள். பத்தாயம் வந்தது. உபவாசம் வந்தது. குரலைத் தாழ்த்தினேன். ஆமென் சத்தத்தில் ஒரு கோழி பயந்து கத்தியது.

போதகர் கண் கலங்கி, “ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்குங்க” என்றார்.

நான் கையை நீட்டினேன். அவள் இரண்டு கைகளாலும் முந்தானையைப் பற்றிக்கொண்டு நின்றாள். விடவில்லை.

“அம்மாவுக்கு இன்னும் வெக்கம் போகல!” என்றார் போதகர். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மகன் எடுத்த போட்டோவில் அது கைகோத்ததுபோலத்தான் தெரிகிறது. பெரிதாக்கிச் சட்டம்போட்டு அனுப்பியிருக்கிறான்.

பிள்ளைகள் திங்கட்கிழமை கிளம்பிப் போனார்கள். அன்று மாலை நான் பாயை விரித்து வேதத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன்.

“ஜெபத்துக்கு நேரமாச்சு” என்றேன்.

“நீங்க பண்ணுங்க. நான் இங்கயே பண்ணிக்கறேன்” என்றாள் அடுப்படியிலிருந்து.

வேலை இருக்கிறது போலும் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே சொன்னாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். சண்டை இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். உளுந்துக்கு மருந்தடித்த ஆளுக்கு டீ கொடுத்தோமா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஆட்டோவில் கோயிலுக்கும் வந்தாள். ஜெபத்துக்கு மட்டும் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மனைவி கோபித்துக்கொண்டு பேசாமலிருந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், சமாதானமும் செய்துவைத்திருக்கிறேன். இது அது இல்லை. மனிதரோடு பேசுவதில் அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை. கடவுளோடு பேசும்போது மட்டும் நான் பக்கத்தில் இருக்கவேண்டாம் என்று தீர்மானித்திருந்தாள்.

தனியாகப் பாடிப் பார்த்தேன். எனக்குச் சுருதி பிடிக்கத் தெரியாது என்பது இந்த வயதில்தான் தெரிந்தது.

ஒரு காலையில் மன்னிப்புக் கேட்டேன். தட்டில் தோசையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்கிட்ட சொல்லமாட்டேன்னுட்டு சொல்லிட்டேன். தப்புதான். மன்னிச்சிடு.”

“மன்னிச்சிட்டேன். ஆறிடும், சாப்பிடுங்க.”

அன்று மாலையும் பாயில் நான் மட்டும்தான்.

பிறகு எனக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. இரண்டு நாள் அதை மனதில் செதுக்கினேன். வார்த்தைகள்கூடத் தயார். அவளிடம் போய்ச் சொன்னேன்:

“வர்ற ஞாயித்துக்கெழம சபையில எழுந்து உண்மையைச் சொல்லிடப்போறேன். நீ வராம இருந்ததுக்கு நாந்தான் காரணம்னு. எல்லார் முன்னாடியும்.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அதுவும் சாட்சிதான?”

“இல்ல, இது...”

“அதுக்கும் ஆமென் சொல்லுவாங்க. ஐயாவுக்கு எவ்வளவு தாழ்மைன்னு அழுவாங்க. அடுத்த வருஷமும் சொல்லச் சொல்லுவாங்க.” துண்டை உதறி இரண்டாக மடித்தாள். “என்னைய இன்னொரு தடவ அங்க நிக்க வைக்காதீங்க.”

நான் செதுக்கிவைத்திருந்ததெல்லாம் அப்படியே என்னிடம் நின்றுவிட்டது. அதில் குரல் தாழ்த்தவேண்டிய இடம்கூடக் குறித்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும்.

சித்திரையில் அவள் முழங்கால் வலி அதிகமாகித் திருவாரூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனேன். காத்திருக்கும் கூடத்தில் நாற்காலி கிடைப்பதே பெரும்பாடு. மேலே டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் டிவியைப் பார்த்தபடியே கேட்டாள்:

“அன்னைக்கு என்னைய ஏன் வீட்ல இருன்னு சொன்னீங்க?”

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு அம்மாள் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். அங்கே நீளமாகப் பேசமுடியாது.

“வெக்கமா இருந்துச்சு.”

“புள்ள செத்ததுக்கு அழுதது வெக்கமா?”

“நீ அழுத விதம். எங்க வீட்டுல அப்படி அழமாட்டாங்க. அந்தப் பெரிய பாஸ்டர் வேற வந்திருந்தாரு.”

“அவரு பேரு என்ன?”

யோசித்தேன். முகம்கூட வரவில்லை. வெள்ளை அங்கி மட்டும் வந்தது.

“ஞாபகம் இல்ல.”

“ம்” என்றாள்.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து உள்ளே போனாள். அந்த ஒரு ‘ம்’முக்கு நிகரான தண்டனையை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு சாட்சி சொல்வதை நிறுத்தினேன். ஜெபக்கூட்டங்களில் கூப்பிட்டால், “இன்னைக்கு வேற யாராச்சும்” என்பேன். முதலில் தொண்டை சரியில்லை என்று நினைத்தார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள். ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாதர் சங்கத்திலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற நர்ஸ். கிராமத்தில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை.

“ஐயா, நாங்க சுத்தி வளைக்கல. உங்களப் பத்தி எங்களுக்குப் பாரமா இருக்கு” என்றார்.

“எதுக்கும்மா?”

“வாயத் தெறக்க மாட்டேங்கறீங்களே. எவ்வளவு வல்லமையான சாட்சி! சாத்தான் உங்க வாயக் கட்டிட்டானோன்னு இவங்கல்லாம் அழறாங்க.”

“நான் அழல சிஸ்டர், எனக்குச் சளி” என்றார் பின்னால் இருந்தவர்.

“நீ சும்மா இரு. ஐயா, முழங்கால்ல நிக்கமுடியலன்னாலும் பரவால்ல, கண்ண மூடிக்குங்க.”

கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தலையில் கை வைத்து, கணீரென்று ஜெபித்தார். பின்வாங்கிப்போன உம்முடைய ஊழியக்காரனைத் திரும்பக் கொண்டுவாரும் என்றார். இந்த வயதில் இவர் இடறி விழலாமா என்று கடவுளைக் கேட்டார். என் விசுவாசம் எங்கே ஆட்டம் கண்டது, எப்படிக் குளிர்ந்தது என்றெல்லாம், பக்கத்தில் இருந்து பார்த்தவர்போல விவரமாகச் சொன்னார். இல்லை அம்மா, அப்படி ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். ஜெபத்துக்கு நடுவே எப்படிச் சொல்வது? மற்ற மூவரும் ஆமென் ஆமென் என்றார்கள்.

கண் திறந்தபோது என் மனைவி டீத் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

“இஞ்சி போட்டிருக்கேன் சிஸ்டர். சளிக்கும் நல்லது” என்றாள்.

அவர்கள் போனபின் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: “எப்படி இருந்துச்சு?”

“நான் ஒண்ணும் பின்வாங்கலையே.”

“அதச் சொல்லவேண்டியதுதான?”

“சொன்னா நம்பவா போறாங்க?”

“மாட்டாங்க” என்றாள். உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தத்துக்கு நடுவே அவள் சிரித்ததுபோல இருந்தது. நிச்சயமாகச் சொல்லமுடியாது.

கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். போதகர் வந்து பொது ஜெபம் செய்வார். இந்த வருஷம் அன்று அவள் வரவில்லை. மறுநாள் மதியம் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“தோட்டத்துக்குப் போறேன். வர்றீங்களா?”

நாற்பத்தேழு வருஷத்தில் அவள் என்னை அங்கே அழைத்தது அதுதான் முதல்முறை. குடையை எடுத்துக்கொண்டேன்.

தோட்டம் வாய்க்கால் கரையில் இருக்கிறது. சம்பா நடவு முடிந்து சுற்றிலும் பச்சை. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டுப் போயிற்று. உள்ளே யாரும் இல்லை. முந்தினநாள் மெழுகு கல்லறைகள்மேல் உருகி உறைந்திருந்தது. செவ்வந்தி மாலைகளை ஆடு தின்றிருந்தது. குழந்தையின் இடம் வடமேற்கு மூலையில், நான் போட்ட சிறிய சிமெண்டுச் சிலுவையோடு இருக்கிறது. அவள் மெல்ல, ஒரு கையை ஊன்றி, தரையில் உட்கார்ந்தாள். வலிக்கிற காலையும் சேர்த்து நீட்டிக்கொண்டாள். எனக்குப் புரிந்தது.

நான் பின்னால் நின்றேன். என் நாக்கில் ஒரு ஜெபம் தயாராக வந்து நின்றது. பழக்கம். அவள் திரும்பாமலே சொன்னாள்: “நீங்க எதுவும் சொல்லாதீங்க.”

உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். ஒப்பாரியின் முதல் அடி வந்தது. கிழிந்த குரல். நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி அதே அடியைச் சொன்னாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மூன்றாம்முறை ராகம் மட்டும் கொஞ்சதூரம் போய் அறுந்தது.

“வரமாட்டேங்குது” என்றாள். “அடுத்தது என்னான்னே தெரியல. அம்மா பாடுவாங்க. நானும் பாடினேனே.” மண்ணைத் தடவிக்கொண்டே இருந்தாள். “மறந்துபோச்சுங்க. இவ்வளவு நாள் வாய்விட்டுச் சொல்லாம, போயிடுச்சு.”

எனக்கு அடுத்த அடி தெரியும்.

அன்று கோயிலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அப்போது கேட்டது. வெட்கத்தில் காது அடைத்துக்கொண்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே போய்த் தங்கியிருந்தது. எத்தனையோ முறை பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தும்போது, வரப்பில் நடக்கும்போது, அது என்னையறியாமல் உள்ளே ஓடியிருக்கிறது. ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. சாட்சியில் அதற்கு இடம் இல்லை.

எதுவும் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறாள். சொல்வதா வேண்டாமா என்று நின்றேன். ஆயிரம் பேர் முன்னால் கூசாத வாய், அந்த ஒருத்தி முன்னால் கூசியது. பிறகு ராகமில்லாமல், பாடம் ஒப்பிக்கிறவன்போல, அந்த அடியைச் சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது.

மண்ணைத் தடவிய கை நின்றது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அன்னைக்கு நீ சொன்னது.”

“முழுசாத் தெரியுமா?”

“தெரியும்.”

“இவ்வளவு நல்லாக் கேட்டுட்டுத்தானா,” என்றாள், “என்னைய வீட்ல இருன்னு சொன்னீங்க?”

கேட்காமலே தள்ளியிருந்தால் அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் கேட்டேன். அது என்னை அறுத்தது. அதனால்தான் அதை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன்.

“அடுத்ததையும் சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். அதற்கடுத்ததையும் கேட்டாள். அதையும் சொன்னேன். ஒவ்வொன்றையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முடிந்தபின், “போதும். இனிமே எனக்கு வரும். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போயிடுங்க” என்றாள்.

தோட்டத்துக்கு வெளியே வந்து வாய்க்கால் கரையில் நின்றேன். தூறல் ஆரம்பித்தது. குடை என் கையில் இருந்தது. கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று ஓரடி எடுத்துவைத்தேன். அதற்குள் உள்ளே குரல் எழுந்துவிட்டது. கிழட்டுக் குரல், ஆனால் முழுக் குரல். எதிர்க்கரையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, “யாருக்குங்க சார்?” என்று கேட்டாள்.

“எங்க பொண்ணுக்கு” என்றேன்.

அவர்கள் மறுபடி குனியவில்லை. சேற்றில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் இந்தக் கரையில் நின்று, விரிக்காத குடையோடு, அவள் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.